இருமலின் பெயர்

கோவில்பட்டியில் இருமல் யாருக்கும் புதிதன்று. கரிசல் காட்டுப் புழுதி, பஞ்சாலைத் தூசி, பீடிப் புகை என்று சொல்வதற்குக் காரணங்கள் பல உண்டு. ஆகவேதான் எங்கள் பெரியப்பா மாதக்கணக்கில் இருமியபோதும் நாங்கள் அதைப் பெரிதாக எண்ணவில்லை. அவர் தீப்பெட்டி ஆலையில் உழைத்து ஓய்ந்தவர். முப்பது ஆண்டுகளாகப் பீடியை விடாதவர். சளியில் இரத்தம் கண்ட பிறகே மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம்.

எக்ஸ்ரே படத்தில் வலது நுரையீரலில் ஒரு நிழல் தெரிந்தது. காசநோய் என்றே எல்லாரும் முடிவு கட்டினோம். உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் நம் நாட்டவர். ஆதலால் அந்த ஐயம் தவறன்று. ஆனால் சளியில் கிருமி இல்லை என்று சோதனைத் தாள் சொல்லியிருந்தது. "அப்படியானால் இந்த நிழல் எது?" என்று கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை. மாத்திரைகளோடு நான்கு மாதங்கள் கழிந்தன, நிழலோ வளர்ந்தது.

பின்னர் திருநெல்வேலிக்குச் சென்றபோதுதான், சளியில் கிருமியைத் தேடுவது போலவே உயிரணுக்களைத் தேடும் சோதனையும் உண்டென்று அறிந்தோம். நுரையீரலில் வளரும் புற்று, தன் உயிரணுக்களை மூச்சுக்குழாயில் உதிர்க்கிறது. அவை சளியோடு வெளிவரும். காலையில் எழுந்ததும் வாய் கொப்பளித்து, ஆழ்ந்து இருமி, எச்சில் கலவாத சளியை மூன்று நாள் கொடுத்தோம். அதைக் கண்ணாடித் தகட்டில் தடவி, கிரேக்க நாட்டில் பிறந்த மருத்துவர் பாப்பனிக்கொலாவ் (1883–1962) வகுத்த முறையில் சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். கரு பெருத்துக் கறுத்து உருக்குலைந்த உயிரணுக்கள் நோயைக் காட்டிக்கொடுக்கும்.

பெரியப்பாவின் சளியில் அத்தகைய உயிரணு எதுவும் இல்லை. நாங்கள் மகிழ்ந்தோம்; மருத்துவர் மகிழவில்லை. "சளியில் காணாததால் நோய் இல்லை என்று பொருளாகாது" என்றார். நுரையீரலின் ஓரத்தில் வளரும் கட்டியின் உயிரணுக்கள் சளியை எட்டுவது அரிது. அத்தகைய கட்டிக்கு, ஸ்கேன் துணையுடன் மார்பின் வழியே மெல்லிய ஊசி செலுத்த வேண்டும். கட்டி மூச்சுக்குழாயை ஒட்டியிருந்தால் உள்ளே குழாயிட்டுக் கழுவிய நீரையும், நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருந்தால் அந்நீரையும் சோதிப்பார்கள்.

"ஊசி பட்டால் புற்று பரவும்" என்று உறவினர் தடுத்தனர். அது மிகமிக அரிது என்று மருத்துவர் தெளிவுபடுத்தினார். ஊசியில் வந்தவற்றை மெழுகில் பதித்து, மெல்லிய சீவல்களாக்கிச் சிறப்புச் சாயமிட்டபோது புற்றின் வகையும் தெரிந்தது. வகை தெரிந்தால்தான் அதற்குரிய மருந்தைத் தேர்ந்தெடுக்க முடியும். இன்று அதே உயிரணுக்களில் மரபணு மாற்றங்களையும் தேடுகிறார்கள். அவற்றுள் சிலவற்றுக்கு மாத்திரையே மருந்தாக உள்ளது.

பெரியப்பா பின்னும் ஒன்றரை ஆண்டு வாழ்ந்தார். இளைய மகளின் திருமணத்தைக் கண்டார். ஆயினும் வீணான நான்கு மாதங்களை எங்களால் மறக்க இயலவில்லை.

அன்பர்களே, இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளியைச் சோதியுங்கள். கிருமி இல்லையென்று வந்தும் நிழல் மறையாவிட்டால், "உயிரணுச் சோதனை செய்யலாமா?" என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். நாங்கள் கேட்கத் தவறிய கேள்வி அது ஒன்றுதான்.