பிலவ வருடத்து நோட்டீஸ்

கவுஞ்சியில் ஒரு திண்ணை முழுக்க மலைப்பூண்டு காய்ந்துகொண்டிருந்தது. அதை ஒதுக்கி உட்கார இடம் செய்துகொடுத்த பெரியவரிடம் நாடக ஆய்வாளர் முதலில் கேட்டது நாடகத்தைப் பற்றி அல்ல. “வீட்டுல பழைய டிரங்குப் பெட்டி ஏதும் இருக்குங்களா ஐயா?” நாடக நோட்டீஸ்கள் கல்யாணப் பத்திரிகைகளோடு சேர்ந்து பெட்டிக்கு அடியில்தான் கிடக்கும் என்பது அவர் அனுபவம். படம் எடுக்க நான் கூடப் போயிருந்தேன்.

ஸ்பெஷல் நாடகத்துக்கு நிரந்தரக் குழு கிடையாது. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், டான்ஸ், ஆர்மோனியம் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி அழைப்பார்கள். ஒத்திகையும் இல்லை. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வழிவந்த பாட்டும் வசனமும் எல்லோருக்கும் பாடம் என்பதால் விடிய விடிய வள்ளி திருமணம் நடந்துவிடும். கம்பெனி என்று ஒன்று இருந்திருந்தால் கணக்குப் புத்தகமாவது மிஞ்சும். இங்கே மிஞ்சுவது நோட்டீஸ்தான்.

பெட்டியில் ஒன்று இருந்தது. நாலாக மடித்த ரோஸ் காகிதம். மடிப்பில் ஒரு பெயர் பாதி உதிர்ந்திருந்தது. தேதி, ‘பிலவ வருடம் வைகாசி’ என்று தமிழில். பிலவ அறுபது ஆண்டுக்கு ஒருமுறை வரும்: 1901, 1961, 2021. அதே தமிழ்த் தேதி அறுபது ஆண்டு கழித்து அதே கிழமையில் விழாது. ஐந்தாறு கிழமை தள்ளிப்போகும். ஆகவே நோட்டீஸில் தேதியோடு கிழமையும் இருந்தால் ஆண்டைப் பிடித்துவிடலாம். ‘மைக்செட் உண்டு’ என்ற கடைசி வரியைக் காட்டி, 1901 இல்லை என்று நான் முந்திக்கொண்டேன். “அது சரிதான், இருந்தாலும் கிழமையப் பாத்துருவோம்” என்று ஆய்வாளர் பழைய பஞ்சாங்கத்தைப் புரட்டினார். 1961.

அடியில் அச்சகத்தின் பெயரும் ஊரும். அச்சிட்டவர் பெயரையும் இடத்தையும் போட வேண்டும் என்று 1867-இல் வெள்ளைக்காரர்கள் போட்ட சட்டம், நாடக ஆய்வாளருக்கு இன்றும் சோறு போடுகிறது. 1876-இல் வந்த நாடக நிகழ்ச்சிகள் சட்டமும் அப்படித்தான்: நாடகங்களைக் கண்காணித்த அரசின் ஆவணங்கள் மிஞ்சின. மேடையில் தேசியப் பாட்டுப் பாடிப் பலமுறை சிறை சென்ற விஸ்வநாததாஸ், 1940 டிசம்பர் 31 இரவு முருகன் வேடத்தில் மயில்மேல் அமர்ந்து பாடும்போதே இறந்தார். அவர் காலத்து நடிகர்களின் அரசியலை அரசு ஆவணங்களிலிருந்து தோண்டி எடுத்தவர்களில் முக்கியமானவர் தியடோர் பாஸ்கரன். அவருடைய ‘தி மெசேஜ் பேரர்ஸ்’ நூல் 1981-இல் வந்தபோது அவர் அஞ்சல் துறை அதிகாரி. நம்மூரில் நாடக வரலாறு எழுதுபவருக்குச் சம்பளம் பெரும்பாலும் வேறு எங்கிருந்தோதான் வருகிறது. கோட்டையூரில் போர்டு எழுதிப் பிழைத்த ரோஜா முத்தையா அச்சுக் காகிதங்களைச் சேர்த்தார். அந்தச் சேகரிப்பிலிருந்துதான் சென்னையில் அவர் பெயரிலான நூலகம் பிறந்தது.

ஆனால் வள்ளியும் நாரதரும் தர்க்கத்தில் எப்படி மடக்கிக்கொண்டார்கள், பபூனின் எந்த நக்கலுக்குக் கூட்டம் எழுந்தது என்பதெல்லாம் காகிதத்தில் ஏறாது. அதற்கு ராத்திரி விழித்தே ஆக வேண்டும். அமெரிக்க ஆய்வாளர் சூசன் சைசர் மதுரை நடிகர்களோடு பழகி, மேடைக்குப் பின்னால் நடிகைகள் சுமக்கும் அவப்பெயர் வரை எழுதினார். அந்த நூல் 2005-இல் வந்தது.

நோட்டீஸைப் படமெடுத்து முடித்தபோது பெரியவர் குனிந்து பார்த்தார். ஸ்திரீபார்ட் படத்தின் மேல் விரலை வைத்தார்.

“இந்தம்மா அன்னிக்கு வரவே இல்ல தம்பி. பஸ்ஸ விட்டுருச்சு. மீசைய வழிச்சிட்டு ஒரு ஆம்பளைதான் வள்ளி கட்டுனாரு. எனக்கு அப்போ பன்னெண்டு வயசு இருக்கும். பபூன் அதையே சொல்லிச் சொல்லி விடியிற வரைக்கும் சிரிக்க வச்சான்.”

ஆய்வாளர் நோட்டீஸில் கை வைக்கவில்லை. தனித்துண்டில் அதை எழுதி, சொன்னவர் வயதையும் அன்றைய தேதியையும் குறித்து, பின்னால் இணைத்தார்.

“அன்னிக்கு நாடகம் பாத்தவங்க வேற யாராச்சும் இருக்காங்களாய்யா?”

“பூண்டியில என் மச்சான் இருக்கான். ஆனா அவன் பபூன் கட்சி, வள்ளியப் பாத்திருக்க மாட்டான்.”

பூண்டிக்குப் போகும் பஸ் எத்தனை மணிக்கு என்று ஆய்வாளர் விசாரிக்க ஆரம்பித்தார்.