கல்லாறில் எடுத்த படம்

நீலகிரி மலை ரயில் மேலே ஏறும்போது எஞ்சின் முன்னால் இருக்காது. பெட்டிகளுக்குப் பின்னால் நின்று தள்ளிக்கொண்டு வரும். செங்குத்தான ஏற்றத்தில் ஏதாவது ஒரு பெட்டி கழன்றாலும் கீழே உருண்டுவிடாமல் தாங்குவதற்கான ஏற்பாடு அது. மேட்டுப்பாளையத்தில் எங்கள் வகுப்பே முதல் பெட்டிக்கு முட்டி மோதிக்கொண்டிருந்தபோது நான் கடைசிப் பெட்டியில் நிம்மதியாகப் போய் உட்கார்ந்தேன். எஞ்சினுக்கும் எனக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான்.

1983. கல்லூரி இறுதியாண்டில் ஊட்டிக்கு எக்ஸ்கர்ஷன். முந்தைய வருடம்தான் 'மூன்றாம் பிறை' சினிமா வந்திருந்தது. ஆகவே போட்டனிக்கல் கார்டனும் போட் ஹவுசும் சார்களுக்காக. எங்களுக்குக் கேத்தி ஸ்டேஷன். அதில் கமல் குரங்காட்டம் ஆடிய அதே பிளாட்பாரத்தில் நின்று ஆளுக்கொரு போட்டோ எடுத்துக்கொள்வது என்று ஹாஸ்டலிலேயே தீர்மானம் ஆகியிருந்தது. இருந்தது ஒரே கேமரா. சித்தப்பாவிடம் நான் இரவல் வாங்கி வந்த ஆக்ஃபா கிளிக் த்ரீ. உள்ளே ஒரு இந்து ஃபிலிம், 12 படம். ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் முதுகிலுள்ள சிவப்புக் கண்ணாடித் துளையில் அடுத்த எண் வரும்வரை குமிழைத் திருக வேண்டும். வெயில், மேகம் என்று இரண்டே நிலை. அதற்குமேல் அந்தக் கேமராவிடம் எதுவும் கேட்க முடியாது.

கல்லாறு வரை சாதாரண ரயில்தான். பாக்குத் தோப்புகளுக்கு நடுவே சமதரையில் வரும். அங்கிருந்து குன்னூர் வரை தண்டவாளங்களுக்கு நடுவே பல் சட்டம் ஓடுகிறது. பன்னிரண்டடி போனால் ஓரடி ஏற்றம். எஞ்சினின் அடியில் இருக்கும் பல்சக்கரம் அந்தச் சட்டத்தைக் கவ்விக்கொண்டு ஏற வேண்டும். சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் இதற்கென்றே செய்த எக்ஸ் ரக எஞ்சின்கள் அவை. முதல் தொகுதி 1914-இல் தொடங்கி வந்தது. ஒரு பக்கத்துக்கு இரண்டு சிலிண்டர், ஒன்றின்மேல் ஒன்றாக. சமதரையில் கீழே இருப்பது மட்டும் வேலை செய்யும். ஏற்றம் வந்ததும் கீழ்ச் சிலிண்டரில் உழைத்துவிட்டு வந்த நீராவியை வீணாக்காமல் மேலே அனுப்பி, பல்சக்கரத்தைச் சுற்ற வைப்பார்கள். ஒரே ஆவியிடம் இரண்டு தடவை வேலை வாங்குகிற சாமர்த்தியம்.

கல்லாறில் வண்டி நின்றதும் இறங்கி எஞ்சினுக்குப் போனேன். ஃபயர்மேன் அடுப்பு வாயைத் திறந்து கரி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். தலையில் துண்டு, புருவத்தில்கூடக் கரித்தூள். "அண்ணே, ஒரு போட்டோ எடுத்துக்கிறேன்" என்றேன். "எடு, எடு. இன்னும் ரெண்டு வருசத்துல இதையெல்லாம் கழிச்சுக் கட்டீருவாங்க" என்றார். பிறகு, "கொஞ்சம் அக்கட்டால நில்லு தம்பி, ஆவி அடிக்கும்." சொல்லி முடிக்கவில்லை, சிலிண்டரின் அடியிலிருந்து பக்கவாட்டில் ஆவி சீறிக்கொண்டு வந்தது. அந்தப் படத்தில் எஞ்சினே இல்லை. வெள்ளைப் பொதியும், அதன் மேலே ஒரு புகைபோக்கியும், ஒரு துண்டுக்காரரின் முழங்கையும்தான்.

பல் சட்டம் தொடங்கும் இடத்துக்கு முன்னாடியே நடந்துபோய் நின்றுகொண்டேன். பெட்டிகள் ஒவ்வொன்றாகக் கடந்தன. கடைசியாக எஞ்சின் வந்து, ஏறக்குறைய நின்றுவிட்டது போலத் தயங்கி, ஒரு உலுக்கலோடு பல்லைக் கவ்வியது. அதுவரை மூச்சு வாங்கியது போல் சீராக இருந்த சத்தம் இரண்டு தாளமாகப் பிரிந்தது. கீழ்த் தண்டு மெல்ல, மேல் தண்டு வேகமாக. கிளிக் த்ரீயின் சோம்பேறி ஷட்டர் அதை அப்படியே பதிவு செய்திருக்கிறது: படத்தில் கீழ்த் தண்டு ஓரளவு தெளிவு, மேல் தண்டு வெறும் சாம்பல் தீற்றல். நல்ல கேமராவாக இருந்தால் இரண்டும் உறைந்து நின்றிருக்கும். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்ததா, நின்றுகொண்டிருந்ததா என்றே தெரிந்திருக்காது. ஓடிப்போய்ப் படியைப் பிடித்தேன். பிரேக்ஸ்மேன் கையைப் பற்றி மேலே இழுத்துப் போட்டார். கொடியைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு, அதன்பின் நிதானமாகத் திட்டினார்.

ஹில்குரோவில் தண்ணீர் பிடிக்க நின்றபோதும் கேமரா எஞ்சின் பக்கமே போனது. குகை வரும்போதெல்லாம் கரிப்புகை கடைசிப் பெட்டிக்குள்தான் முதலில் புகும். கண்ணில் விழுந்த கரியைக் கசக்கிக்கொண்டே கேத்தியில் இறங்கியபோது சிவப்புத் துளையில் தெரிந்த எண்ணைப் பார்த்து நண்பர்கள் அடிக்க வந்தார்கள். நான் வருத்தப்படவில்லை. கமல் நின்ற இடத்தில் நின்றவர்கள் ஊருக்குப் பத்துப் பேர் இருப்பார்கள்.

அன்று எனக்கு உறைக்காத ஒன்று, நான் மாட்டியிருந்த ஃபிலிமும் அந்த மலையில்தான் பிறந்தது என்பது. ஊட்டி இந்து நகரில் இருந்த ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ், 1960-இல் நிறுவப்பட்டு 1967-இல் உற்பத்தியைத் தொடங்கிய அரசு நிறுவனம். தூசி இல்லாத குளிர்ந்த காற்று வேண்டுமென்றுதான் ஊட்டியைத் தேர்ந்தெடுத்தார்கள். எங்கள் வீட்டுக் கல்யாண ஆல்பங்கள், ஆஸ்பத்திரி எக்ஸ்ரேக்கள், எத்தனையோ அங்கிருந்து வந்தவை. கலர் வந்தது, டிஜிட்டல் வந்தது, ஆலை நொடித்து மூடப்பட்டது.

கழித்துக் கட்டப்போவதாக ஃபயர்மேன் சொன்ன எஞ்சினோ இன்றும் ஏறிக்கொண்டிருக்கிறது. 2005-இல் யுனெஸ்கோ அந்தப் பாதையை உலகப் பாரம்பரியச் சின்னம் என்றது. எண்ணெயில் எரியும் எஞ்சின்களைத் திருச்சி பொன்மலைப் பணிமனையிலேயே புதிதாகக் கட்டினார்கள். பிறகு நிலக்கரி எஞ்சினும் ஒன்று அங்கிருந்தே வந்தது. குன்னூருக்குமேல் மட்டும் டீசல். கரி திரும்பி வந்துவிட்டது. இந்து ஃபிலிம் வரவில்லை. ஃபிலிம் கழுவிக் கொடுத்த எங்கள் ஊர் ஸ்டூடியோவில் இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள்.

கறுப்புத்தாள் ஆல்பத்தில், கார்னர் ஒட்டி, ஓரம் பல்பல்லாக வெட்டிய இரண்டேகால் அங்குலப் படங்களாக அன்று எடுத்தவை இருக்கின்றன. ஒன்றைப் போனில் எடுத்துப் பழைய வகுப்புக் குழுவில் போட்டேன். கேத்தியில் அடிக்க வந்தவனே முதலில் எழுதினான்: "பெரிசா பிரிண்ட் போட்டு அனுப்புடா, ஹால்ல மாட்டணும்." நெகட்டிவைத் தேடி எடுத்து லேபுக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த பையன் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இந்த சைஸ் எங்க மெஷின்ல போகாது சார், கோயமுத்தூர்ல விசாரிச்சுப் பாருங்க" என்றான். விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.