வேட்டி கட்டத் தெரியும்... உட்காரத் தெரியுமா?

ஆனி மாதப் பௌர்ணமி. காரைக்காலில் மாங்கனித் திருவிழா. பிட்சாடனர் வீதியுலா வர, மாடிகளிலிருந்து மாம்பழங்கள் பறக்கின்றன. வேட்டியை மடித்துக் கட்டிய கூட்டம் பழம் பிடிக்கக் கையை நீட்டுகிறது.

கூட்டம் கொஞ்சம் ஓய்ந்ததும் பெரியவர்கள் ‘அப்பாடா’ என்று தரையில் அமர்ந்துவிடுகிறார்கள். வருஷத்துக்கு இரண்டு நாள் மட்டும் வேட்டி கட்டும் இளைஞர்களோ சுவரில் சாய்ந்து நின்றுகொண்டே இருக்கிறார்கள். கால் வலிக்காமல் இல்லை. உட்கார்ந்தால் வேட்டி விலகிவிடுமோ என்ற பயம்!

இந்தப் பயத்துக்குக் காரைக்காலுக்குள்ளேயே விடைகள் இருக்கின்றன.

கோயிலுக்குள் குருக்களைப் பாருங்கள். பஞ்சகச்சத்தில் துணி கால்களுக்கு நடுவே போய்ப் பின்னால் செருகப்படுகிறது. எப்படி அமர்ந்தாலும் விலகாது.

பள்ளிவாசல் பக்கம் போனால் கைலி. அதன் இரு முனைகளையும் சேர்த்துத் தைப்பதை ‘மூட்டுவது’ என்பார்கள். திறப்பே இல்லாத துணி என்பதால், தொழுகையில் குனிந்து, அமர்ந்து, எழும்போதும் கவலையில்லை.

கச்சமும் இல்லாமல், மூட்டலும் இல்லாமல் இருப்பது நாலு முழ வேட்டி. அதற்குக் காவல் கைதான்.

முதலில் மடித்துக்கட்டை இறக்கிவிட வேண்டும். அது பெரியவர்களுக்குத் தரும் மரியாதை மட்டுமல்ல, உட்காருவதற்கான முதல் பாடமும்கூட. பிறகு முழங்காலுக்கு மேல் துணியை லேசாகத் தூக்கித் தளர்த்திக்கொண்டு சம்மணமிட வேண்டும். அமர்ந்ததும் மிச்சத் துணியை மடியில் ஒதுக்கிவிட்டால் போதும். நாற்காலி என்றால், பின்பக்கத் துணியைப் புறங்கையால் தடவி ஒழுங்காக்கி அமர்ந்து, முன்பக்கத்தை இரு முழங்கால்களுக்கு நடுவே தொங்கவிட வேண்டும்.

ஸ்காட்லாந்து ஆண்கள் அணியும் ‘கில்ட்’ பாவாடைக்கும் கிட்டத்தட்ட இதே சூத்திரம்தான். பின்கொசுவத்தைக் கையால் நீவிவிட்டுத்தான் அவர்களும் அமர்கிறார்கள்!

இதையெல்லாம் முன்பு யாரும் சொல்லித்தரவில்லை. திண்ணையில் தாத்தா உட்காருவதைப் பேரன் பார்த்தான், கற்றுக்கொண்டான். திண்ணைகள் இடிக்கப்பட்டு, அந்த இடத்தில் பைக்குகள் நிற்கின்றன. பாடமும் அதோடு போய்விட்டது. வெல்க்ரோ வேட்டி இடுப்பைக் காப்பாற்றும், முழங்காலை?

திருவிழா நாளில் மட்டும் அந்தப் பள்ளிக்கூடம் மறுபடி திறக்கிறது. “டேய், மொதல்ல மடிச்சுக் கட்டுனத எறக்குடா. அப்புறம் உக்காரு” என்கிறார் ஒரு தாத்தா. பேரன் தயங்கித் தயங்கி அமர்கிறான். ஒன்றும் விலகவில்லை!

காரைக்கால் போகிறவர்கள் மாலையில் அரசலாறு கடலில் கலக்கும் கடற்கரைக்கும் போய் வரலாம். அங்கே வேட்டியோடு காற்றில் உட்கார்ந்து எழுந்துவிட்டால், நீங்கள் பாஸ்!