காக்கா விட்டுச் சென்ற கறுப்புப் பெட்டி

விளையாட்டுப் பொருளை விற்பவர்கள் அதனை ஆக்கும் வித்தையையும் சேர்த்து விற்பது அரிது. ஜப்பானின் சோனி நிறுவனம் ஒரு காலத்தில் அப்படியும் செய்தது. 1996-இல் ஜப்பானிலும், 1997-இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ‘நெட் யாரோஸே’ என்னும் பெயரில் அப்பொருள் வெளிவந்தது. உலகெங்கும் சாம்பல் நிறத்தில் விற்பனையான பிளேஸ்டேஷன் பெட்டிதான் அது. ஆனால் நிறம் கறுப்பு. கூடவே ஒரு வடம், குறுந்தகடுகள், ஓர் அனுமதி அட்டை, தடித்த கையேடுகள். சி மொழி தெரிந்த எவரும் வீட்டிலிருந்தபடியே ஆட்டம் ஒன்றை எழுதிப் பார்க்கலாம்.

இங்கிலாந்தில் பணியாற்றிய என் காக்கா அதை அப்போதே வாங்கினார். பகலில் கிடங்குக் கணக்கு, இரவில் சி மொழி என்று சில ஆண்டுகள் கழிந்தன. அவர் மறைந்த பின்னர் மதினி அட்டைப்பெட்டி ஒன்றை என் முன் வைத்து, “தம்பி, உங்கள் காக்கா இதில் என்ன செய்து வைத்தார் என்று பிள்ளைக்கு ஒரு முறையாவது காட்டிவிடுங்கள்” என்றார். உள்ளே கறுப்புப் பெட்டியும் மூன்று நெகிழ்வட்டுகளும் இருந்தன. மேசையடியில் அவருடைய பழைய கணினி.

முதலில் அந்தக் கணினியை எழுப்ப வேண்டியிருந்தது. தாய்ப்பலகையின் நாணய வடிவ மின்கலம் தீர்ந்துபோயிருந்ததால் தன்னிடம் எந்த வன்தட்டு இருக்கிறது என்பதையே அது மறந்திருந்தது. மின்கலத்தை மாற்றி, தட்டின் அளவுகளைக் கையால் பதிந்த பிறகே டாஸ் திரை தோன்றியது. பின்புறத்தில் இரண்டு தொடர்முனைகள். ஒன்றில் சுட்டெலி, மற்றதில் கறுப்புப் பெட்டியின் வடம்.

இனி, வேலை நடக்கும் முறையை நேயர்கள் அறிய வேண்டும். அனுமதி அட்டையை நினைவட்டைத் துளையில் செருகி, தொடக்கத் தகட்டையும் இட்டால்தான் பெட்டி கணினிக்குச் செவிசாய்க்கும். அட்டை தொலைந்தால் தகடு பயனற்றது. கணினியில் ‘சியோகான்ஸ்’ என்னும் சிறு நிரல், ஆட்டத்தை வடத்தின் வழியே பெட்டியின் நினைவகத்தில் கொண்டு சேர்க்கும். நினைவகம் மொத்தம் 2 மெகாபைட். அதில் முற்பகுதியைச் சோனியின் நூலக நிரல்கள் எடுத்துக்கொள்ள, எழுதுபவனுக்கு எஞ்சுவது சுமார் 15 லட்சம் பைட். ஒரு நெகிழ்வட்டின் கொள்ளளவும் ஏறத்தாழ அதுவே! நொடிக்கு 1,15,200 பிட் வேகத்தில் அனுப்பினால் இவ்வளவும் போய்ச்சேர இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேலாகும். 9,600-இல் அனுப்பினால் இருபத்தாறு நிமிடம்.

எந்தப் படம் நினைவகத்தின் எந்த முகவரியில் இறங்க வேண்டும் என்பதையும் எழுதுபவனே தீர்மானிக்க வேண்டும். ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் ஆட்டம் குலைந்துவிடும். காக்கா எல்லா முகவரிகளையும் ஒரு கோப்பில் வரிசையாக எழுதி வைத்திருந்தார். கடைச் சரக்கைப் பேரேட்டில் பதிந்த அதே ஒழுங்கு! அந்தக் கோப்பு மட்டும் இல்லையேல் நான் செய்வதற்கு ஒன்றுமே இருந்திராது.

முதல் வட்டும் இரண்டாம் வட்டும் படிந்தன. மூன்றாவது, கரகரவென்ற ஒலியோடு நின்றுவிட்டது. உறையில் ‘மூலம்’ என்று அவர் கையெழுத்தில் எழுதியிருந்தது. ஆட்டம் கையிலிருக்கிறது, அதை எழுதிய வரிகள் இல்லை.

ஆட்டம் ஓடியது. கடலில் ஒரு தோணி. பாறைகளுக்கிடையே அதை ஓட்டிச் செல்ல வேண்டும். காக்காவின் மகள் கட்டுப்பாட்டுக் கருவியைப் பிடித்துக்கொண்டாள். நான்காம் கட்டத்தில் தோணி கரையை நெருங்கியதும் திரை உறைந்தது. மூன்று முறை முயன்றாள். மூன்று முறையும் அதே இடம்.

“சாச்சா, இதைத் திருத்த முடியாதா?” என்றாள்.

மூலம் இன்றித் திருத்துவது பெரும்பாடு என்றேன். இத்தகைய ஆட்டங்களைச் சாதாரணப் பிளேஸ்டேஷனில் ஓடும் தகடாக்கவும் நிறுவனம் வழி விடவில்லை; சிலருடைய ஆக்கங்கள் மட்டும் பிரிட்டனின் அதிகாரபூர்வ இதழோடு வந்த மாதிரித் தகடுகளில் இடம்பெற்றன. காக்கா அனுப்பியிருப்பாரோ என்னவோ, மதினிக்கும் தெரியவில்லை.

இரண்டு வட்டுகளையும் அன்றே படியெடுத்தேன். மூன்றாவதை வேறு இயக்கியில் இட்டுப் பார்க்க எண்ணம். அதுவரை பெட்டியைப் பரணில் ஏற்ற வேண்டாம் என்று பிள்ளை கேட்டுக்கொண்டதால், அது இன்னும் கூடத்து மேசையில்தான் இருக்கிறது. அனுமதி அட்டையை மதினி தம் அலமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறார்.