கல்லில் இல்லாத சேரி

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்கு என்னை முதலில் கூட்டிப்போனது பள்ளிக்கூடம்தான். ஏழாவது படித்தேன். வரிசையாக நிற்கவைத்துச் சுவரைக் காட்டினார்கள். உலகத்துக்கே ஓட்டுப் போடக் கற்றுக்கொடுத்தது நம்ம ஊர் என்றார் வாத்தியார். கை தட்டினோம். வீட்டுக்கு வந்து ஆயாவிடம் சொன்னேன். வெத்தலையை மடித்துக்கொண்டே ஆயா கேட்டது: "அந்தச் சொவுத்துல நம்ம சேரியப் பத்தி இன்னாடி எழுதிக்கீது?"

எனக்குத் தெரியவில்லை. எம்.ஏ. தமிழ் படிக்கும்போதுதான் அந்தக் கல்வெட்டை முழுசாகப் படித்தேன்.

முதலாம் பராந்தகன் காலத்தில், 919இலும் 921இலும் வெட்டியவை. ஊர் முப்பது குடும்புகள். ஓலையில் பேரெழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். ஏரி வாரியம், தோட்ட வாரியம் எல்லாம் அப்படித்தான் அமைந்தன. சரி, யார் பேரை ஓலையில் எழுதலாம்? வரி கட்டுகிற நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வயது 35க்கு மேல் 70க்குள். வேதம் தெரிந்திருக்க வேண்டும். அது சதுர்வேதிமங்கலம், சபை பிராமணர் சபை. கழனியில் இறங்கி உழுத சனத்துக்கு அதில் இடமில்லை. பெண்களுக்கும் இடமில்லை.

சேரியை எழுதிய கல் வேறே. ராஜராஜன் காலத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில், வரி நீக்கிய நிலங்களை எண்ணும் இடத்தில், குளம், வாய்க்கால், சுடுகாட்டோடு சேர்ந்து வருகிறது பறைச்சேரி. தீண்டாச்சேரியும் வருகிறது. ஆயாவுக்கு இதைச் சொல்வதற்குள் அது போய்ச்சேர்ந்துவிட்டது.

2020 டிசம்பரில் புதிய பாராளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமர் உத்திரமேரூரைப் பெருமையாகப் பேசினார். எனக்கு அமெரிக்கா ஞாபகம் வந்தது. மக்களின் பேரால் 1787இல் எழுதிய அவர்கள் அரசியல் சட்டம், அடிமைகள் ஐந்து பேரை மூன்று பேராக எண்ணியது. அதுவும் எசமானர்களின் மாநிலங்களுக்குக் கூடுதல் பிரதிநிதிகள் கிடைப்பதற்காக. உள்நாட்டுப் போருக்குப் பிறகு, எந்த மாநிலமும் யாருக்கும் சமமான சட்டப் பாதுகாப்பை மறுக்கக்கூடாது என்று 1868இல் ஒரு திருத்தம். நிறத்தைக் காட்டி ஓட்டை மறுக்கக்கூடாது என்று 1870இல் இன்னொன்று. ஆனாலும் தென்மாநிலங்கள் எழுதப் படிக்கத் தெரியுமா என்று பரீட்சை வைத்தன, ஓட்டுக்கு வரி கேட்டன. இங்கே வேதமும் கால் வேலியும் செய்த வேலையை அங்கே அவை செய்தன. தட்டிக்கேட்டால் 'மாநில உரிமை' என்றார்கள். 1965இல் மத்திய அரசு தனிச்சட்டம் போட்டுத்தான் அதை உடைக்க முடிந்தது.

மாநில சுயாட்சி வேண்டும் என்று நாமும்தான் கேட்கிறோம். டெல்லியிலிருந்து சென்னைக்கு அதிகாரம் வரட்டும். சென்னையிலிருந்து ஊருக்கும் வரட்டும். ஊரிலிருந்து சேரிக்கு வருமா? இதுதான் நம்ம கேள்வி. அம்பேத்கர் இதை முன்கூட்டியே கண்டார். 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில், வரைவுச் சட்டம் கிராமத்தை விட்டுவிட்டுத் தனிமனிதரை அடிப்படையாகக் கொண்டதற்கு மகிழ்ச்சி என்றார். கிராமம் என்பது குறுகிய புத்தியும் வகுப்புவாதமும் குடியிருக்கும் இடம் என்றார். அவர் பேசியது கோபத்தில் இல்லை, அனுபவத்தில். 1997 ஜூன் 30இல் மேலவளவுத் தலைவர் முருகேசனை வெட்டிக் கொன்றார்கள். பாப்பாபட்டியும் கீரிப்பட்டியும் தனித்தொகுதி ஆனதால் 2006 வரை தலைவரை ஏற்காமல் பத்து வருஷம் தள்ளின.

எங்க அம்மா 2011இல் காலனி வார்டு மெம்பர். 73ஆவது திருத்தம் கொடுத்த இடஒதுக்கீட்டில் நின்று ஜெயித்தது. கூட்டத்துக்குக் கூப்பிடமாட்டார்கள். தீர்மானப் புத்தகம் வீட்டு வாசலுக்கு வரும். "கையெழுத்து மட்டும் போடும்மா, மத்தத நாங்க பாத்துக்கறோம்." மூணு மாசம் போட்டது. நாலாவது மாசம் நான் அந்தக் கல்வெட்டில் இருந்த ஒரு விதியைச் சொன்னேன். பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவன் பேரை மறுபடி ஓலையில் எழுதக்கூடாது. அவன் சொந்தக்காரன் பேரையும் எழுதக்கூடாது. நல்ல விதி. நம்மை வெளியே நிறுத்தியவர்கள் எழுதியது என்பதற்காக அதை ஏன் விடவேண்டும்?

அம்மா பேனாவை மூடிவைத்தது. "கணக்க காட்டுங்க, அப்புறம் போடறேன்." புத்தகம் அப்படியே திரும்பிப் போனது. இரண்டு தெரு சனம் எங்களோடு பேச்சை நிறுத்தியது. அறுப்புக்குக் கூப்பிடவில்லை. ஆனால் அடுத்த கூட்டத்துக்கு ஆள் வந்து கூப்பிட்டான். அம்மா போனது. நாற்காலி போடவில்லை. நின்றுகொண்டே கணக்கைக் கேட்டது.

கேட்க வேண்டியதைக் கல்வெட்டு சொன்னது. கேட்கிற உரிமையை 1950இல் வந்த சட்டம் கொடுத்தது. இரண்டையும் ஒன்று என்று சொல்பவர்கள், அந்த நாற்காலி எங்கே என்று முதலில் சொல்லட்டும்.