நிழலுக்கு ஏன் பூட்டு?

கோடை வந்துவிட்டால், பஞ்சாங்கம் பார்ப்போர் 'அக்கினி நட்சத்திரம்' என்று அஞ்சுவர். அனல் கக்குவதற்கென்று விண்ணிலே தனி மீன் ஏதுமில்லை. ஏப்ரல் இறுதியில் கதிரவன் சென்னைக்கு நேர் உச்சியில் வருகிறான். அதன்பின், மேற்கிலிருந்து வீசும் நிலக்காற்று, கடற்காற்றைக் கரையேறவிடாமல் தடுக்கும் நாட்களில் நகரம் காய்கிறது. 2003 மே 31 அன்று வெப்பம் 45 பாகையைத் தொட்டது. இதிலே கோளின் குற்றமும் இல்லை. தெய்வத்தின் சீற்றமும் இல்லை. ஆனால், வெயிலை யார் தாங்குவது, நிழலை யார் நுகர்வது என்றொரு பங்கீடு இருக்கிறதே, அது இயற்கை செய்ததன்று, மனிதன் செய்தது. மனிதன் செய்ததை மனிதன் மாற்றலாம்!

இந்த எண்ணம் ஏட்டிலே பிறந்ததன்று. சில ஆண்டுகளுக்கு முன், மே மாதத்து நாள் ஒன்றை, நண்பர் ஒருவருடன் சென்னையின் பூங்காக்களையும் பேட்டைகளையும் சுற்றிப் பார்ப்பதிலே கழித்தேன். நண்பர் வண்ணாரப்பேட்டைக்காரர். அவருடைய அன்னையார், வெள்ளரிப்பிஞ்சுக் கூடையைத் தலையிலே சுமந்து, தெருத் தெருவாக விற்று, மகனைப் பட்டதாரியாக்கியவர்.

காலை ஏழு மணிக்குத் தியாகராய நகர், பனகல் பூங்காவிலே தொடங்கினோம். அந்தப் பகுதியே நீதிக்கட்சியின் நினைவேடு! பகுதிக்குப் பெயர் தந்த சர். பிட்டி. தியாகராயர், 1916-இல் அக்கட்சியைத் தோற்றுவித்தோரில் ஒருவர். அருகிலுள்ள மற்றொரு பூங்கா, மாணவர்க்குத் 'திராவிட இல்லம்' கண்ட டாக்டர் நடேசனாரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. கடைவீதிக்கோ சௌந்தரபாண்டியனார் பெயர். தாழ்த்தப்பட்டோரை ஏற்ற மறுக்கும் பேருந்துக்கு உரிமம் கிடையாது என்று, இராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராக இருந்து ஆணையிட்ட தீரர் அவர். பனகல் அரசர் 1921 முதல் 1926 வரை முதலமைச்சர். அவர் காலத்தில், 1924-இல், இரட்டைமலை சீனிவாசனார் கொணர்ந்த தீர்மானம் சென்னைச் சட்டமன்றத்திலே நிறைவேறிற்று: பொதுச்சாலையில் நடக்கவும், பொதுக்கிணற்றில் நீரெடுக்கவும் எவருக்கும் தடையில்லை என்று! அதே 1924-இல்தான், வைக்கத்திலே, கோயிலைச் சுற்றிய தெருவில் நடக்கும் உரிமைக்காகப் பெரியார் சிறை புகுந்தார். தோழர்களே, எண்ணிப் பாருங்கள். நடப்பதற்கே தீர்மானமும் சிறைவாசமும் தேவைப்பட்ட நாடு இது!

பெஞ்சிலே அமர்ந்ததும் நண்பர் சொன்னார்: "அம்மா இந்தத் தெருக்களிலும் விற்றிருக்கிறார், தோழர். கால் கடுத்து எவர் வீட்டுப் படியிலாவது உட்கார்ந்தால், 'எழுந்து போ' என்பார்களாம். 'நீ யார் என்று கேட்காமல் இடம் கொடுப்பது பூங்காப் பெஞ்சு ஒன்றுதானடா' என்பார்."

அந்தச் சொல் காதிலே ஒலித்துக்கொண்டிருக்க, நடந்தும் பேருந்தேறியும் சென்றோம். பதினொன்றரை மணிக்கு வேறொரு பூங்காவின் வாயிலை அடைந்தோம். வாயிலிலே சங்கிலி, சங்கிலியிலே பூட்டு! உள்ளே தூங்குமூஞ்சி மரங்கள் பந்தலிட்டிருந்தன. பெஞ்சுகள் வெறுமையாய்க் கிடந்தன. வெளியே, சாலை போடும் தொழிலாளர் ஐந்தாறு பேர், மதிற்சுவர் தந்த சாண் அகல நிழலிலே முதுகை ஒட்டி அமர்ந்திருந்தனர். ஒரு தாய், சேலைத் தலைப்பைக் குழந்தையின் முகத்துக்குக் குடையாகப் பிடித்திருந்தார்.

நண்பர் காவலாளியை அழைத்தார். "நாலு மணிக்குத்தான் திறக்கணும், தம்பி. உத்தரவு அப்படி" என்றார் அந்த முதியவர்.

"ஏன், ஐயா?"

"மத்தியானம் திறந்து வைத்தால் கண்டவங்க வந்து படுத்துக்குவாங்களாம்."

கண்டவர்கள்! சாதியின் பெயரைச் சொல்லாமலே, சாதி செய்துவந்த வேலையைச் செய்து முடிக்கிற சொல்லன்றோ அது! "காலையில் நடைப்பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு, வெயிலேறினால் போய்ச் சேர வீடு இருக்கிறது. இவர்கள் எங்கே போவார்கள், ஐயா?" என்றார் நண்பர். முதியவர் பதில் பேசவில்லை. உள்ளே சென்று, தம் பானையிலிருந்து நீர் மொண்டு வந்தார். கம்பி இடுக்கு வழியாகக் குவளை வந்தது, நிழல் வரவில்லை.

மாலையிலே சிந்தாதிரிப்பேட்டை. கிழக்கிந்தியக் கம்பெனி தன் துணி வாணிபத்துக்காக நெசவாளரைக் குடியேற்றி 1734-இல் அமைத்த பேட்டை அது. அங்கே, நேப்பியர் என்ற ஆளுநரின் பெயரைத் தாங்கியிருந்த பூங்கா, இன்று மே தினப் பூங்கா. ஆளுநர் பெயர் போய், உழைப்பவர் நாளின் பெயர் வந்தது. 1923 மே முதல் நாளில், இந்தியாவிலே முதன்முதலாக மே நாளைக் கொண்டாடிய சிங்காரவேலரும் மண்டபம் தேடவில்லை. சென்னைக் கடற்கரையிலேதான் மக்களைக் கூட்டினார்.

இருட்டும் வேளையில் நண்பரின் வண்ணாரப்பேட்டைப் பக்கம் போய், ராபின்சன் பூங்காவைக் கண்டோம். இன்று அது அறிஞர் அண்ணா பூங்கா. 1949 செப்டம்பர் 18 அன்று, கொட்டும் மழையிலே, திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்கப் பொதுக்கூட்டம் நடந்த இடம். 1967-இல் ஆட்சி அமைத்த இயக்கம், அரண்மனையிலே பிறக்கவில்லை. யாரும் நுழையக்கூடிய பூங்காவிலே பிறந்தது. அன்று அந்த வாயிலிலே, 'கண்டவர்கள் வரக்கூடாது' என்று பூட்டுத் தொங்கியிருந்தால்?

"திறந்து வைத்தால் குப்பை சேரும், தகராறு வரும்" என்பர் சிலர். குப்பை சேர்ந்தால் கூட்டுவோம். தகராறு வந்தால் காவலுக்கு இன்னுமோர் ஆளை அமர்த்தி, அவருக்கும் ஊதியம் தருவோம். குடிநீரும் கழிப்பிடமும் அமைப்போம். நோய் வருமென்று வாயைத் தைத்துக்கொள்வாருண்டோ?

கோடைதோறும் தண்ணீர்ப் பந்தல் திறக்கும் இளைஞர்காள்! அந்தப் பணி நல்ல பணி. அதனோடு இதையும் செய்யுங்கள். உங்கள் ஊர்ப் பூங்கா எத்தனை மணிக்குத் திறக்கிறது, எப்போது மூடுகிறது, குழாயிலே நீர் வருகிறதா என்று நேரிலே சென்று பாருங்கள். நண்பகலிலே பூட்டியிருந்தால், நகர்மன்ற உறுப்பினரிடம் எழுத்திலே கேளுங்கள். விடை வரும்வரை கேளுங்கள். பூங்காவிலே மரம் வளர்ப்பது பொதுப்பணம். அந்தப் பணத்திலே, வெள்ளரிப்பிஞ்சு விற்பவர் தீப்பெட்டி வாங்கும்போது செலுத்தும் வரியும் அடக்கம். தம் பணத்தில் வளர்ந்த நிழலிலே அமர, அவர் எவரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை.