ஊர்ப் பெயரும் 200 பாகைச் சூடும்

வெள்ளாங்குளத்தில இப்ப ஒரு விசேஷம் எண்டால் முதல் கேள்வி, "ரீசேட் அடிச்சாச்சா?" எண்டதுதான். உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டி, கோயில் திருவிழா, வெளிநாட்டில இருந்து சொந்தக்காரர் வந்து நிக்கிற கலியாணவீடு, எல்லாத்துக்கும் ஒவ்வொரு நிறத்தில் ஒரு ரீசேட். அலுமாரியைத் திறந்தால் ஒரு வீட்டின் ஐந்தாறு வருஷக் கதை அதுக்குள்ள மடிச்சு வைத்திருக்கும். அந்தப் பெயர்களும் படங்களும் துணியில் எப்படி ஏறுகின்றன எண்டு ஆரும் பெரிசா யோசிக்கிறதில்லை. என்னை யோசிக்க வைத்தது பெரியம்மாவின் மகள். அவ வீட்டு முன்னறையில் ஒரு ஹீட் பிரஸ் வைத்திருக்கிறா.

அக்கா இந்த வேலையைப் பழகினது ஒரு கார்மென்ற்ஸில். விடிய இருட்டோட பஸ் வந்து ஏத்திக்கொண்டு போகும். கழுத்துக்குப் பின்னால் அளவையும் கொம்பனிப் பெயரையும் சூட்டால் பதிக்கிறதுதான் அவவின் பகுதி. முந்தித் தைத்த லேபல் இருந்த இடத்தில் இப்ப பல உடுப்புகளுக்கு இதுதான், கழுத்தில் உரசாது. துணியை வை, பேப்பரை வை, அமத்து, எடு. நாள் முழுக்க அதே நாலு அசைவு.

"தெரியாத ஆக்களின்ர பேரைத் தெரியாத ஆக்களின்ர கழுத்தில ஒட்டினன்" எண்டு சிரிச்சுக்கொண்டு சொல்லுவா. டார்கெற் தவறின நாளில் வாங்கின ஏச்சைச் சொல்லேக்க மட்டும் சிரிக்க மாட்டா. பிள்ளை பிறந்த பிறகு அந்தப் பஸ்ஸில் ஏற முடியேல்ல. ஆனால் கை பழக்கத்தை மறக்கேல்ல.

சூட்டால் பதிக்கிறதில் ரெண்டு வகை இருக்கு. வித்தியாசம் தெரிஞ்சால்தான் குடுக்கிற காசு வீணாகாது.

ஒண்டு, சப்ளிமேசன். பள்ளிக்கூடத்தில் பதங்கமாதல் எண்டு படிச்சிருப்பம். கற்பூரம் திரவமாகாமல் நேரே ஆவியாகிற மாதிரி, பேப்பரில் அச்சடித்த சாயம் ஏறத்தாழ 200 பாகை செல்சியஸில், ஒரு நிமிடத்துக்குள், ஆவியாகிப் பொலியெஸ்ரர் நூலுக்குள்ளேயே போய்விடும். சூட்டில் நெகிழ்ந்த நூல் ஆறும்போது இறுகிச் சாயத்தை உள்ளே பூட்டிவிடும். தடவிப் பார்த்தால் கைக்கு ஒண்டும் தட்டுப்படாது. தோய்ச்சாலும் உரியாது, உரியிறதுக்கு மேலே ஒண்டும் இல்லையே. 1941இல் இங்கிலாந்தில் பொலியெஸ்ரர் வந்தது. 1950களில் பிரான்ஸில் நொயல் டி பிளாஸ் என்பவர் இந்த முறையைக் கண்டுபிடித்தார். இண்டைக்கு எங்கட மைதானத்தில் ஓடுற ஜேர்சிகள் எல்லாம் அந்த வழியில் வந்தவைதான்.

பருத்தியில் இந்தச் சாயம் தங்காது, தோய்க்கத் தோய்க்க மங்கிப்போகும். கறுப்புத் துணியிலும் சரிவராது. சாயம் கண்ணாடி மாதிரி, கீழே இருக்கிற நிறம் ஊடே தெரியும். வெள்ளை எழுத்து வேணுமெண்டால் துணியே வெள்ளையாய் இருக்கவேணும். "கறுப்புப் பருத்தி ரீசேட்டில படம் போட்டுத் தாங்கோ" எண்டு வாற பெடியளுக்கு அக்கா இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லுறா.

மற்றது, மேலே ஒட்டுற வகை. திருவிழாச் சீலைகளிலும் பிளவுசிலும் மினுங்குற ஃபொயில் அப்பிடித்தான். டிசைன் வடிவில் பசையை அடித்து, அதுக்கு மேலே மெல்லிய தாளை வைத்து அமத்தி உரித்தால், பசை இருந்த இடத்தில் மட்டும் மினுக்கம் நிக்கும். பொன் மாதிரித் தெரியிறது அலுமினியம். பொன்னிறம் அதுக்கு மேல ஒரு பூச்சு. பஃப் பிறிண்ட் எண்டால் மைக்குள் இருக்கிற நுண்ணிய உருண்டைகள் சூட்டில் ஊதி, எழுத்து அப்பம் மாதிரி எழும்பும். விரலால் தடவியே வாசிக்கலாம். வடிவுதான். ஆனால் அது துணிக்கு மேலே இருக்கிற வடிவு. முறுக்கிப் பிழிஞ்சால், நேரே அயன் வைத்தால் கழண்டு வரும். உள்பக்கம் வெளியே வரப் புரட்டி, கையால் தோய்க்கவேணும்.

துணிக்கு நிறம் ஏத்துறது மன்னாருக்குப் புதுசு இல்லை. ஒல்லாந்தர் காலத்தில் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் சாயவேர் தோண்டினார்கள். பருத்தியில் சிவப்பு ஏறினது அந்த வேரால். இங்கத்தை வேர், இங்கத்தை ஆக்களின் உழைப்பு. இலாபம் மட்டும் ஆட்சி செய்தவனுக்கு. அக்காவின் கார்மென்ற்ஸ் கதையைக் கேட்கேக்க எனக்கு அதுதான் ஞாபகம் வரும்.

அதனால்தான் அந்த முன்னறை மெசின் எனக்குப் பெரிய விஷயமாய்த் தெரியுது. அதில் வேலை செய்யிறது லேசு இல்லை. பின்னேரத்தில் வோல்ற்றேஜ் குறைஞ்சால் தட்டுச் சூடாக மாட்டன் எண்டு அடம் பிடிக்கும். கடற்காத்தின் ஈரம் துணியில் இருக்கும், அதால் முதலில் வெறுந்துணியைச் சில விநாடி அமத்தி உலர்த்தவேணும். பேப்பர் அரக்கினால் எழுத்துக்கு நிழல் விழும். பாமினியில் அடிச்ச பெயரை வட்ஸ்அப்பில் அனுப்பினால் ஆங்கிலக் குப்பையாய் வந்து நிக்கும். எல்லாம் சரிபார்த்து, இடம்வலம் மாத்தி அச்சடிக்கவேணும். பேப்பரில் தலைகீழ் மொழி மாதிரிக் கிடக்கிற "வெள்ளாங்குளம்", தட்டைத் தூக்கினவுடன் துணியில் நேராய் நிக்கும். அந்த நேரம் அக்காவின் முகத்தைப் பார்க்கவேணும்.

2008இல் ஊரே இடம்பெயர்ந்து போனது. போய்த் திரும்பின சனத்துக்குத் தங்கட ஊரின் பெயரை நெஞ்சில் போட்டுக்கொண்டு ஓடுறது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் பெரிய ஓடர்கள் இன்னும் வெளியிலதான் போகுது. அனுசரணையாளர் வெளிநாட்டில இருந்து கொழும்புக் கடைக்கு நேரே காசு அனுப்பிவிடுவார். ஜேர்சி வரும். அதில் அவரின் கடைப்பெயர் ஒரு சாண் அகலத்துக்கு, ஊர்ப் பெயர் கொலருக்குக் கீழே எறும்பு வரிசை மாதிரி. அக்காவுக்குக் கிடைக்கிறது கடைசி நேரத்தில் கூட்டின ரெண்டு இலக்கம் மட்டும். கொழும்பு விலைக்கு அவவால் குடுக்க முடியாது எண்டதும் உண்மை. அவங்கள் ஆயிரக்கணக்கில் அடிக்கிறாங்கள், இவ இருபது முப்பது.

கழகக் கூட்டத்தில் நான் கேட்கப் போறது பெரிசா ஒண்டுமில்லை. அடுத்த போட்டிக்குத் துணியை மொத்தமாய் வெளியில் எடுப்பம், பதிக்கிற வேலையை ஊருக்குள்ள குடுப்பம். ஒரு ஜேர்சிக்குக் கூடுற காசை அனுசரணையாளரிட்டையே கேட்பம். ஊர்ப் பெயரை அவரின் பெயரைவிடப் பெரிசா, சப்ளிமேசனிலேயே போடுவம். அவருக்கு மினுக்கம் வேணுமெண்டால் ஃபொயிலில் போட்டுக் குடுக்கலாம்.